காலமை வராது, மத்தியானம் வரும்: தடைக்காலத்துக் கார்களின் ஒரு வரலாறு

அறவே ஓடாத காரைத் திருத்துவது பெரிய வேலை இல்லை என்பார்கள் பழைய மெக்கானிக்மார். உடைந்த சாமான் உடைந்தபடியே இருக்கும், தேடினால் கையில் சிக்கும். ஆளைச் சாக்கொல்லுவது இடைக்கிடை அடம்பிடிக்கிற கார்தான். வீட்டு வாசலில் நாலு தரம் செல்ஃப் அடித்தும் வராது. கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் முதல் அடியிலேயே ஸ்ராட் வந்து, கொண்டுபோனவரின் மானத்தை வாங்கும்.

அப்படியான காருக்கு முன்னால் நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பனரை எடுக்கமாட்டார், கேள்வி கேட்பார். "எப்ப வருதில்லை? விடியவோ, ஓடி நிப்பாட்டின பிறகோ? மழை பெய்தாலோ? எண்ணெய் அடிச்ச பிறகோ?" எது பழுது என்பது பிறகு. எப்போது மறுக்கிறது என்பதுதான் முதல். மறுப்புக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கு பிடிபட்டால் காரணமும் பிடிபடும்.

இந்தக் கேள்வியை ஒரு காருக்குக் கேட்பதுபோல ஒரு ஊருக்கும் ஒரு காலத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஊர் யாழ்ப்பாணக் குடாநாடு. காலம் 1990இலிருந்து 1995 வரை. அந்த ஐந்து வருசமும் அங்கே ஓடிய கார்களில் பெரும்பாலானவை காலையில் ஸ்ராட் வர மறுத்தன, மத்தியானம் வந்தன. ஏன்?

மூன்று சாமான்

பெற்றோல் எஞ்சின் ஒன்று ஸ்ராட் வர மூன்று விசயம் வேண்டும். எஞ்சின் சுழலவேண்டும், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி விழவேண்டும், எரியக்கூடிய ஆவி காற்றோடு கலந்து உள்ளே போகவேண்டும். கராஜ் பாசையில் சொன்னால் சுத்து, கறண்ட், எண்ணெய். இன்றைக்குக் கணினி பூட்டி வருகிற காருக்கும் இதே மூன்றுதான்.

தொடக்கத்தில் "சுத்து" மனிதக் கையால் வந்தது. காரின் மூக்கில் ஹான்டிலைச் செருகி ஆள் சுழற்றவேண்டும். பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கை முறியும். இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங். அவர் வடிவமைத்த மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தது. பற்றரி, கொயில், பொயின்ற் என்று எங்கட பழைய கார்களில் இருந்த பொறி முறையை உருவாக்கியவரும் அவர்தான். கை முறிவது நின்றது. ஆனால் அன்றிலிருந்து காருக்குப் புதிய தங்கியிருத்தல் ஒன்று வந்தது. பற்றரி சரியில்லையென்றால் கார் சரியில்லை.

ஆங்கிலேயக் கார்க்காரர் பற்றரியை முழுக்க நம்பவில்லை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலும், அதே காலத்து ஒஸ்ரின் ஏ-40இலும் செல்ஃப் இருந்தது, ஆனால் ஹான்டில் போடுவதற்கான துளையையும் விட்டுவைத்தார்கள். இங்கிலாந்தின் குளிர்காலக் காலைகளை நினைத்து விட்ட துளை அது. நாற்பது வருசம் கழித்து யாழ்ப்பாணத்தில் அதன் அருமை தெரிந்தது.

பழைய கார் ஏன் எங்களிடம் தங்கியது

யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய காரில் தனிக் காதல் என்று சொல்லுவார்கள். காதல் இருந்திருக்கலாம். அதற்கு முந்திய காரணம் அந்நியச் செலாவணி. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைக்கு மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் தாராளமாக வந்தன. 1960களில் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரைக்கும் புதுக் கார் என்பது பெரும்பாலானவர்களுக்குக் கனவு. ஆகவே இருந்த காரை முழு நாடுமே திருத்தித் திருத்தி ஓட்டியது. 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து தெற்கில் ஆங்கிலக் கார்களை மெல்ல ஓரங்கட்டின. வடக்கில் அந்த மாற்றம் முழுதாக நடக்கமுன்னரே போர் வந்துவிட்டது.

அதனால் 1990இல் போர் மீண்டும் வெடித்தபோது சோமசெற், கேம்பிறிட்ஜ், மைனர் என்று வயதான ஆங்கிலக் கார்கள் குடாநாட்டில் இன்னும் வீதியில் நின்றன. கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்குப் போன கார்கள். இவற்றின் சில குணங்களைக் கவனியுங்கோ. பொனற்றைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பொறி விழும் நேரத்தை டிஸ்ரிபியூட்டரைக் கையால் திருப்பியே மாற்றலாம். அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். இன்றைய கார்களில் 10ஐத் தாண்டும். அழுத்தம் குறைந்த எஞ்சின் மட்டமான எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்தப் பொறுமைதான் அடுத்த ஐந்து வருசத்தையும் ஓட்டியது.

பெற்றோல் இல்லாத தாங்கி

எரிபொருளை ஆயுதமாக்குவது 1990இல் புதிதாக வந்த யோசனை இல்லை. 1987 ஜனவரியிலேயே அரசாங்கம் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை போட்டிருந்தது. அந்த வருசம் யூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப்பொதிகளைப் போட்டதும், யூலையில் ஒப்பந்தம் வந்ததும் பாடப்புத்தகத்துக்கு வெளியேயாவது நாங்கள் கேட்ட கதைகள்.

1990 யூனில் தொடங்கிய போரோடு வந்த தடை நீளமானது. பெற்றோல், பற்றரி, உரம், சவர்க்காரம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. ரோச் பற்றரிகூடத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். ஆனையிறவு வழி மூடி, கிளாலிக் கடலால் படகில் போய்வந்த காலம். வந்த பொருட்களுக்கு இயக்கமும் வரி அறவிட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக, விலை ஏறி இறங்கிக் கிடைத்தது. பெற்றோல் கறுப்புச் சந்தையில் தங்கம்.

ஆகவே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கட கதைகளில் இது பெரும்பாலும் ஒரு வசனத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது!

திரவம் தானாக எரியாது, அதன் ஆவிதான் எரியும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்குக் கிட்டத்தட்ட 38 பாகை சூடாவது வேண்டும். மார்கழி விடியற்காலையில் யாழ்ப்பாணம் 23, 24 பாகையில் இருக்கும். அந்த நேரத்தில் காபரேற்றர் மண்ணெண்ணெயை எவ்வளவு நுணுக்கமாகத் தூவினாலும் அது ஆவியாகாமல் சுவரில் ஒட்டும், பிளக்கை நனைக்கும். ஸ்ராட் வராது. ஓடிச் சூடேறிய எஞ்சினில் கதை வேறு. மனிபோல்ட் கொதிக்கும், மண்ணெண்ணெய் ஆவியாகும், நிப்பாட்டி உடனே அடித்தாலும் வரும். காலமை வராத கார் மத்தியானம் வருவதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆகவே காருக்கு இரண்டு எண்ணெய் தேவைப்பட்டது. எழுப்ப ஒரு சொட்டுப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். மூக்குள்ள ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். காற்றுவடியைக் கழற்றி, காபரேற்றர் வாய்க்குள் சில துளி பீச்சி, ஒருவர் ஹான்டில் சுற்ற எஞ்சின் இருமி எழும்பும். அது சூடேறும் வரைக்கும் பெற்றோலைத் துளித்துளியாகக் காட்டவேண்டும். சிலர் சேலைன் போத்தலைப் பொனற்றுக்குள் தூக்கிக் கட்டி, குழாயால் காபரேற்றருக்கு இணைத்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவு போலத்தான்.

இது யாழ்ப்பாணத்தில் மட்டும் நடந்த விந்தை இல்லை. 1917இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரிட்டனில் ஃபெர்கூசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகைக்கு இரட்டைத் தாங்கியே இருந்தது. அங்கே அது தொழிற்சாலை யோசித்துச் செய்த வடிவமைப்பு, மனிபோல்ட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டோடு வந்தது. இங்கே அதையே கராஜ்காரர் தகரத்தாலும் குழாயாலும் திரும்பக் கண்டுபிடித்தார்கள்.

நோய் பார்த்த விதம்

மண்ணெண்ணெய் வந்த பிறகு ஸ்ராட் வராத காரின் நோய்களும் கூடின. ஒரே அறிகுறிக்குப் பின்னால் பல காரணம் ஒளிந்திருந்தது. பழைய ஆங்கிலக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினால் எது எப்போது மறுக்கும் என்பதை ஒழுங்குபடுத்திப் பார்த்தால் இப்படி வரும்.

விடியவில் மட்டும் வரவில்லையா? முதல்நாள் நிப்பாட்டின விதத்தைக் கேட்கவேண்டும். காபரேற்றரின் சின்னக் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கிற எண்ணெய்தான் அடுத்தநாள் எஞ்சினுக்குக் கிடைக்கிற முதல் வாய். கடைசிக் கொஞ்சத் தூரத்தைப் பெற்றோலில் ஓட்டி, கிண்ணத்தில் பெற்றோல் நிற்க நிப்பாட்டினால் காலமை சுகம். பெற்றோலை மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெயிலேயே நிப்பாட்டினால், மிச்சம் பிடித்ததைவிடக் கூடப் பெற்றோல் காலமை செலவாகும்.

குளிரில் வந்து, சூடேறியதும் நின்று, ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப வருகிறதா? அது எண்ணெய்க் குற்றம் இல்லை. கொயில் அல்லது கொண்டென்சர். சூட்டில் உள்ளே அறுந்து, ஆறியதும் ஒட்டுகிற நோய். மண்ணெண்ணெய்க் காரில் இதைப் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் எல்லாரும் எதற்கும் மண்ணெண்ணெயைத்தான் குற்றம் சொல்லுவார்கள். பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்குக் கிட்டப் பிடித்து, பொறி நீலமாக வெடிக்கிறதா, மஞ்சளாக மெலிந்து விழுகிறதா என்று பார்க்கவேண்டும். அதையும் கார் மறுக்கிற அந்த நேரத்திலேயே பார்க்கவேண்டும்.

மழைநாளில் மட்டும் மறுக்கிறதா? டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். துடைத்துக் காயவிட்டால் போதும். மூடியில் மயிரிழை போல வெடிப்பு இருந்தால் கறண்ட் அதன் வழியாக ஓடிப்போகும். புது மூடிக்கு எங்கே போவது?

பள்ளத்தில் விழுந்து எழும்பியதும் ஸ்ராட் வருகிறதா? மொறிஸ் மைனரில் எஸ்.யூ. மின் பம்பைச் சந்தேகிக்கலாம். சாவியைப் போட்டதும் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அதனுள்ளே இருக்கிற பொயின்ற் கருகியிருக்கிறது. ஸ்பனர்ப் பிடியால் மெல்லத் தட்டினால் உயிர் வரும். பொயின்றை அரத்தாளால் உரசினால் இன்னும் கொஞ்சக்காலம் ஓடும்.

பிளக் கரியாகக் கறுத்திருக்கிறதா? அது மண்ணெண்ணெயின் கையெழுத்து. கழற்றிச் சுரண்டி, நெருப்பில் காட்டிச் சூட்டோடு திரும்பப் பூட்டினால் ஈரமும் போகும், முதல் பொறியும் நன்றாக விழும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் கூடியிருக்கிறதா? சந்தோசப்படக்கூடாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலோடு கலந்திருக்கிறது. அந்த ஒயில் தண்ணியாகி, பெயாரிங்கைத் தின்னும். ஒயிலை மாற்றவேண்டும். ஒயிலும் இலேசில் கிடைக்காத சாமான்.

பற்றரி இளைத்துவிட்டதா? செல்ஃப் சுற்றவே பெரிய கறண்ட் வேண்டும், கொயிலுக்குக் கொஞ்சம் போதும். செல்ஃப் "கிளிக்" என்று மட்டும் சொல்லுகிற பற்றரியும், ஹான்டில் போட்டுச் சுற்றினால் காரை எழுப்பும். இங்கிலாந்துக் குளிருக்காக விட்ட துளை இங்கேதான் கைகொடுத்தது. ஹான்டில் பிடிக்கவும் ஒரு முறை உண்டு. பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். எதிர்ப்பக்கம் உதைத்தால் கை தானாகக் கழன்றுவிடும். கெற்றரிங் எண்பது வருசத்துக்கு முன் ஒழித்த ஆபத்து, தடையோடு திரும்பி வந்து படலையடியில் நின்றது.

ஒன்றைக் கவனியுங்கோ. இங்கே எதற்கும் மீற்றர் இல்லை. கண், காது, மூக்கு, விரல்நுனி, பிறகு அந்த முதல் கேள்வி: எப்ப?

மண்ணெண்ணெய் யாருடையது

இதுவரை வாசித்து "எங்கட ஆக்கள் சும்மா ஆக்களே!" என்று தோன்றினால் அதில் பிழையில்லை. தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டால் பெரியாக்களும் பெரும்பாலும் இந்தப் பெருமையோடுதான் தொடங்குவார்கள். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோ, மண்ணெண்ணெய்க் கார். வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துப் போனவர்களும் இதைத்தான் வியந்து எழுதினார்கள்.

ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு கணக்கு மறைந்துபோகிறது. கார் குடித்த மண்ணெண்ணெயும் வீட்டு விளக்கு குடித்த மண்ணெண்ணெயும் ஒரே மண்ணெண்ணெய். பழைய கார் ஒன்று ஒரு லீற்றரில் பத்துக் கிலோமீற்றர் ஓடினாலே பெரிய விசயம். பஞ்சைச் சுருட்டி, ஜாம் போத்தலில் சின்னச் சுடர் எரியவிட்டு ஓஎல்லும் ஏஎல்லும் படித்த பிள்ளைக்கு அதே லீற்றர் எத்தனையோ இரவுகள். நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் அதுதான், வெங்காயத் தோட்டத்துக்கும் அதுதான் உயிர். ஒரு கார் வீதியால் வெள்ளைப்புகை விட்டுப் போனால், அது யாரோ ஒருவரின் வெளிச்சத்தையும் சேர்த்து எரித்துக்கொண்டுதான் போனது. ஆகவே சும்மா ஓடவில்லை. ஓடியது பெரும்பாலும் தவிர்க்கமுடியாத பயணங்களுக்கு.

தவிர்க்கமுடியாத பயணம் என்றால் என்ன? நடு இரவில் பிள்ளைப்பேற்று வலி. பாம்புக்கடி. செல் விழுந்த வீடு. அப்போது காரின் காபரேற்றர்க் கிண்ணத்தில் நேற்று எந்த எண்ணெய் மிஞ்சியது என்பது கராஜ் விசயம் இல்லை. ஹான்டிலை இருபது தரம் சுற்றினால் பத்து நிமிசம் போகும். சைக்கிள் கரியரிலும் மாட்டு வண்டிலிலும் நோயாளியைக் கொண்டுபோன ஊரில் கார் என்பது வேகம், அந்த வேகம் ஒரு சொட்டுப் பெற்றோலில் தொங்கியது. நேரத்துக்கு ஸ்ராட் வந்த கார்களின் கதைதான் எங்களுக்கு அதிகம் வந்து சேர்ந்திருக்கிறது. வராத கார்களின் கதையைச் சொல்லப் பெருமை இல்லை, அதனால் ஆளும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி வலிகாமம் ஒரே இரவில் எழும்பி நடந்தது. செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் மழைக்குள் சனம் தென்மராட்சிக்கு நகர்ந்தது. பெரும்பாலான ஆக்கள் நடந்தார்கள், சைக்கிள் உருட்டினார்கள். கார் வைத்திருந்தவருக்கும் அந்த நெரிசலில் கார் பெரிய உதவி இல்லை. வன்னிக்குப் போனவர்களுக்குத் தடை தொடர்ந்தது. 2002இல் யுத்தநிறுத்தமும் ஏ-9 திறப்பும் வரும்வரை அங்கேயும் இதே மண்ணெண்ணெய், இதே போத்தல். பாதை திறந்ததும் தெற்கிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாண வீதிகளில் ஒஸ்ரினும் மொறிஸும் ஓடுவதைப் பார்த்து அரும்பொருட்காட்சி என்று படம் பிடித்தார்கள். அது யாரும் ஆசைப்பட்டு வைத்த காட்சி இல்லை.

கடைசிக் காரணம்

நோய் பார்ப்பதில் ஒரு விதி உண்டு. முதலில் கண்ட காரணத்தோடு நிற்கக்கூடாது. கார் வரவில்லை, ஏன்? பிளக் நனைந்திருக்கிறது. ஏன்? மண்ணெண்ணெய் ஆவியாகவில்லை. ஏன்? எஞ்சின் குளிர், பெற்றோல் இல்லை. ஏன்? கராஜ்காரரின் கை இந்த இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள காரணம் பொனற்றுக்குள் இல்லை. அது கொழும்பில் எடுத்த தீர்மானத்திலும் சோதனைச்சாவடியிலும் இருந்தது. ஒரு முழுச் சமூகத்தையும் எதிரியின் பின்வளமாகக் கணக்குப் பார்த்த போர்முறையில் இருந்தது. மெக்கானிக் மிக நன்றாகத் திருத்தியது அந்தக் காரணத்தின் கடைசி அறிகுறியை மட்டுமே. அவருடைய கெட்டித்தனத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிற கதை, நோயை விட்டுவிட்டு மருந்தைப் புகழ்கிற கதை.

2022இல் முழு இலங்கையும் பெற்றோல் வரிசையில் நின்றது. கியூஆர் அட்டை வந்தது. அப்போது "நாங்கள் இதைவிடப் பெரிசெல்லாம் கண்டனாங்கள்" என்று வடக்கில் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. 2022இல் டொலர் இல்லாததால் எண்ணெய் வரவில்லை. 1990இல் எண்ணெய் நாட்டில் இருந்தது, ஒரு பகுதி மக்களுக்கு மறுக்கப்பட்டது. இரண்டு தாங்கியும் காலிதான், காரணம் வேறு. வரலாறு படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

இன்றைய காரில் ஸ்கான் மெசினைச் செருகினால் குற்றத்தின் இலக்கம் திரையில் வரும். இடைக்கிடை வருகிற பழுது அதிலும் எப்போதும் பதிவாகாது. அப்போது நல்ல மெக்கானிக் இன்னமும் அந்தப் பழைய கேள்விக்குத்தான் திரும்புகிறார். மண்ணெண்ணெயில் கார் எழுப்பிய ஆக்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களுக்குத் தெரிந்தது கையில் இருந்த அறிவு, காலோடு போய்விடும்.

உங்கட ஊரிலும் அப்படியொருவர் இருப்பார். ஒரு பின்னேரம் போய் இருந்து, கைப்பேசியில் பதிவு போட்டுவிட்டுக் கேளுங்கோ. எந்தக் கார், எவ்வளவு பெற்றோலில் எழும்பினது, எண்ணெய் எங்கால வந்தது, ஒரு போத்தல் என்ன விலை, யாருக்காக ஓடினது. "எப்பிடி ஐயா ஓட்டினீங்கள்?" என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டு சொல்லுவார். அது முடிந்த பிறகு, எந்த இரவில் எவ்வளவு சுற்றியும் ஸ்ராட் வரவில்லை என்றும் கேளுங்கோ. உடனே பதில் வராது. பதிவை நிப்பாட்டாமல் கொஞ்சம் பொறுத்திருங்கோ.